பாடசாலை வானை முந்தினவர் மேல் முறைப்பாடு: வீடியோ ஏன் எடுபடேல்லை?

வெட்டாத மூல வீடியோவைப் பென் ட்ரைவில் கொண்டுபோய், பொலிஸ் நிலையப் போக்குவரத்துப் பிரிவில் எழுத்துமூல முறைப்பாடாகக் குடுங்கோ. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கோ.

யாழ்ப்பாணம் பருத்தித்துறை வீதியில் உங்கட வானால பிள்ளைகள் இறங்கேக்க முந்திப் பாய்ஞ்ச மோட்டார்சைக்கிளின்ர வீடியோவைப் பொலிசுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியும் நடவடிக்கை இல்லை என்றீங்கள். பெரும்பாலும் வட்ஸ்அப்தான் காரணம். அது வீடியோவைச் சுருக்க, முதலில் மங்குவது இலக்கத்தகடு.

மூலப் பதிவைத் தகடு தெரியிற இடத்தில நிறுத்தி, வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கோ. வான் கமராவின் திகதி, நேரம் சரியா எண்டும் பாருங்கோ. முன்கமராவில், நிக்கிறதுக்கு நீங்கள் போட்ட சமிக்ஞை விளக்கு விழாது. ஒலிப்பதிவு போட்டிருந்தால் அதின்ர ‘டிக் டிக்’ சத்தமாவது பதியும்.

ஒரு கவனம். அமெரிக்காவில் பாடசாலை பஸ் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றால் பின்னால் வாறவை நின்றே ஆகவேணும். அந்த நினைப்பில் ‘வானுக்கு நிக்கேல்லை’ என்று மட்டும் எழுதினால் இங்க இலங்கையில முறைப்பாடு நிக்காமல் போகலாம். பாதசாரிக் கடவையில் பிள்ளைக்கு நிற்கவில்லை, அல்லது கவனயீனமாக ஓட்டினார் என நடந்ததை அப்படியே எழுதுங்கோ.

வழக்கைவிட அவசரமானது இது: வானுக்கு முன்னால் பிள்ளையைத் தனியக் கடக்க விடாதேங்கோ. முந்திறவருக்குப் பிள்ளை தெரியாது. உதவியாள் முதலில் எட்டிப் பார்த்து, கையைப் பிடிச்சுக் கடத்தட்டும்.