சோடாக் கடையும் பல் மருத்துவக் கல்லூரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பல் டாக்டர். பி.டி.எஸ். படிக்கும்போது எங்களுக்குச் செயற்கைப் பல் துறையில் பாடம் எடுத்த பேராசிரியர் சென்ற மாதம் காலமானார். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறோம். அவர் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை என் பொறுப்பு. பதவிகள், விருதுகள் எல்லாம் சேகரித்துவிட்டேன். சிக்கல் என்னவென்றால், சார் வீட்டின் பின்கட்டில் பல் செட் செய்யும் லேப் ஒன்றைப் பல வருடம் நடத்தினார். அந்தப் பணத்தில்தான் வசதியில்லாத மாணவர்களுக்குக் கருவிகள் வாங்கிக் கொடுத்தார். "வாத்தியார் வியாபாரம் செய்தார் என்று எழுதினால் நன்றாகவா இருக்கும்?" என்று மலர்க் குழுவில் கேட்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரை இந்தியப் பல் மருத்துவப் படிப்பின் முன்னோடி டாக்டர் ரஃபியுதீன் அகமதோடு ஒப்பிட்டார். அது பொருத்தமா? வெறும் ஒரு பல் டாக்டரைப் பற்றி வெளியாட்கள் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தயக்கமும் இருக்கிறது. எப்படி எழுதுவது?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

ரஃபியுதீன் அகமது பெயரைப் பார்த்ததும் மற்ற கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளாக அந்த மனிதர்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார். அவர் பிறந்த டிசம்பர் 24ஐத் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறீர்கள். அன்றைக்குக் கேக் வெட்டுகிற பல் டாக்டர்களின் படங்களும் எனக்கு வரும். அதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

முதலில் ஒரு குட்டு. "வெறும் பல் டாக்டர்" என்று உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருந்தவன் எவனும் அந்த "வெறும்" என்ற சொல்லைப் போட மாட்டான். ஊரார் "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று கேட்டதை இத்தனை வருடம் மனதில் வைத்துக்கொண்டு, இப்போது செத்துப்போன ஆசிரியர் தலையிலும் அதை ஏற்றுகிறீர்கள். போதும்.

ஒப்பீடு பொருத்தமா என்றால், உங்கள் சாரை எனக்குத் தெரியாது. விட்டுவிடலாம். பதவிகளின் பட்டியலைக் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுங்கள். யாராவது தேடினால் கிடைக்கட்டும்.

லேப் விஷயத்துக்கு வருகிறேன். அகமது கிழக்கு வங்கத்தில் 1890இல் பிறந்தவர். அலிகாரில் படித்துவிட்டு 1909இல் அமெரிக்கா போனார். 1915இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் வாங்கினார். பிறகு பாஸ்டனில் ஃபோர்சித் குழந்தைகள் பல் மருத்துவமனையில் வேலை. அங்கேயே தங்கியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு 1919இல் ஊர் திரும்பினார். மறு வருடமே கல்கத்தாவில் பல் மருத்துவக் கல்லூரி தொடங்கிவிட்டார். இந்தியாவில் அதுதான் முதல்.

அதற்குக் காசு எங்கிருந்து வந்தது? கல்கத்தாவில் 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை போட்டார். அந்தக் காலத்து அமெரிக்காவில் மருந்துக் கடைக்குள்ளேயே சோடா, ஐஸ்கிரீம் விற்கும் மேடை இருக்கும். அதே சங்கதியைக் கல்கத்தாவில் வைத்து, அந்த வருமானத்தைக் கல்லூரியில் போட்டார். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். இனிப்பு விற்றுப் பல்லைச் சொத்தையாக்கி, அந்தக் காசிலேயே சொத்தை அடைக்கச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்! நானும் சிரித்தேன்தான். ஆனால் மேடையில் பேசுகிறவர்கள் இதை ஒரு துணுக்காகச் சொல்லிவிட்டு, உடனே "தொலைநோக்கு", "அர்ப்பணிப்பு" என்று தாவிவிடுகிறார்கள். அந்தத் தாவல்தான் எனக்கு ஆகாது. மாணவர் உட்கார நாற்காலி வேண்டும், பல் பிடுங்கக் கொறடு வேண்டும், வாடகை கட்ட வேண்டும். தொலைநோக்கை வீட்டுக்காரர் வாடகையாக வாங்கிக்கொள்வாரா? ஒரு மனிதர் கல்லாவில் உட்கார்ந்து சில்லறை எண்ணினார், அதனால் ஒரு கல்லூரி நின்றது. அவர் வாழ்க்கையில் இது துணுக்கு என்றால் எதுதான் செய்தி?

வாத்தியார் வியாபாரம் செய்தார் என்றால் இழுக்கு என்று நினைக்கிற உங்கள் மலர்க் குழுக்காரர்கள், பிள்ளைக்குச் சீட்டு வாங்க லட்சங்களைக் கட்டுக்கட்டாக எண்ணிக் கொடுக்கும்போது கூசுகிறார்களா? கேட்டுப் பாருங்கள். படிப்பை விற்பது கௌரவம், சோடா விற்றுப் படிப்புச் சொல்லிக் கொடுப்பது கேவலம். பல் செட் செய்து விற்று மாணவனுக்குக் கருவி வாங்கித் தந்தால் அதுவும் மறைக்க வேண்டிய சங்கதி. நல்ல நியாயம்!

இன்னொன்றும் கவனியுங்கள். 1949இல் அந்தக் கல்லூரியை அகமது அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். தன் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவில்லை. இன்று அது அவர் பெயரிலேயே அரசுக் கல்லூரியாக இருக்கிறது. அதற்குள் ஒரு பத்திரிகை நடத்தியிருந்தார், 1928இல் மாணவர்களுக்கென்று ஒரு கையேடு எழுதியிருந்தார். பிறகு மேற்கு வங்க முதல்வர் பி. சி. ராய் அமைச்சரவையில் மந்திரியாகவும் இருந்தார். இந்தியா, பாகிஸ்தான் என்று பாகம் பிரிந்தபோது டாக்கா பக்கம் போகாமல் கல்கத்தாவிலேயே இருந்துவிட்டவர் அவர். அந்தக் கல்லூரியில் படித்து 1923இல் பம்பாயில் கிளினிக் வைத்த ஒரு பெண்ணோ எல்லைக்கு அந்தப் பக்கம் போனார். பாகிஸ்தானை உருவாக்கிய ஜின்னாவின் தங்கை ஃபாத்திமா ஜின்னா. 1965 ஜனவரியில் பாகிஸ்தான் ஜனாதிபதி தேர்தலில் அவர் அயூப் கானை எதிர்த்து நின்று தோற்றார். அதே வருடம் அகமது இறந்தார். இதை வைத்து யாராவது ஒரு நாவல் எழுதலாம். எனக்கு வயதாகிவிட்டது.

எங்கே விட்டேன்? அகமது கதையில். சட்டம் ஒன்று பாக்கி. 1939இல் வங்காளத்தில் பல் மருத்துவச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அகமதின் உழைப்பு இருந்தது. 1948இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. பட்டம் இல்லாமலே பல வருடமாகப் பல் வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர்களையும் அது ஒரேயடியாகத் தெருவில் விட்டுவிடவில்லை, பல் டாக்டர்களின் பதிவேட்டில் அவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. இதைப் படித்தபோது எங்கள் ஊர் சீனாக்காரர் பல் கடைதான் நினைவுக்கு வந்தது. நம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் சீனப் பல் வைத்தியர்கள் இருந்தார்கள், அநேகமாக ஹூபே மாகாணத்துக் குடும்பங்கள். அப்பாவிடமிருந்து பிள்ளை கற்றுக்கொள்கிற தொழில். கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டர் தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும், சின்னப் பையனான எனக்கு அந்தப் பக்கம் போகவே பயம். என் பெரியம்மா அங்கேதான் பல் செட் போட்டார். முதல் தடவை மேல் செட் கழன்று கழன்று விழுந்தது. அந்த மனிதர் ஒரு பைசா கூடுதலாக வாங்காமல் மறுபடி அளவு எடுத்தார். பெரியம்மாவை முறுக்கு கொண்டுவரச் சொல்லி, தன் கண் முன்னால் கடிக்க வைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார். பெரியம்மா சாகும்வரை அந்தப் பல்லோடுதான் இருந்தார்.

உங்கள் துறை கைத்தொழிலும் படிப்பும் கலந்த துறை. முதல் வருடம் மெழுகுக் கட்டியில் பல் செதுக்க வைக்கிறார்களே, அதில் உங்கள் சார் எதைப் பார்த்து "இன்னொரு தடவை செய்" என்றார்? கடைவாய்ப் பல்லின் மேட்டையா, பள்ளத்தையா? திட்டுவாரா, பேசாமல் கத்தியை வாங்கித் தானே செதுக்கிக் காட்டுவாரா? கட்டுரைக்கு இதுதான் வேண்டும், உங்கள் கடிதத்தில் இது ஒரு வரிகூட இல்லை. "ஈடு செய்ய முடியாத இழப்பு" மட்டும் வரைவில் மூன்று இடத்தில் இருக்கும், எனக்குத் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதமாக அழுதுகொண்டே தகவல் சேகரித்திருக்கிறீர்கள் என்பது கடிதத்தின் கையெழுத்திலேயே தெரிகிறது. அந்தப் பின்கட்டு லேப்பில் சாரோடு உட்கார்ந்து பல் வார்த்த டெக்னீஷியன் யாராவது இருந்திருப்பாரே, அவரைப் போய்ப் பார்த்தீர்களா? மலர் ஒரு வாரம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை, முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். அப்புறம் வரைவை எனக்கு அனுப்புங்கள்.