தரம் 2 பிள்ளைகளின் காலைப் பிரார்த்தனை வெறும் ஒப்புவித்தலாகிவிட்டதே, என்ன செய்யலாம்?

பஞ்சபுராணம் (தேவாரம் முதல் பெரியபுராணம் வரையான ஐந்து பாடல்கள்) ஐந்தையும் ஓட்டமாகப் பாடிமுடிப்பதுதான் முதல் சிக்கல். மாதம் ஒரு தேவாரம் போதும். சம்பந்தர் மூன்று வயதில் பாடியதாகச் சொல்லப்படும் ‘தோடுடைய செவியன்’ பாடலை எடுங்கள். அதில் இறைவன் ‘உள்ளங்கவர் கள்வன்’. “கடவுள் எப்படிக் கள்ளனாகலாம்?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பத்து விநாடி பொறுத்தால் ஒரு கை உயரும். ஆசிரியர் அவசரப்பட்டு விளக்கம் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்தது.

பிரார்த்தனையின் மௌன நேரத்துக்குச் சேமக்கலம் (கோயிலில் தட்டி ஒலிக்கும் வெண்கலத் தட்டு) நல்லது. ஒருமுறை தட்டி, ஓசை அடங்கியதும் விரலை உயர்த்தச் சொல்லுங்கள். “கண்ணை மூடு” என்று அதட்டினால் பிள்ளைகள் ஒருவரையொருவர் எட்டிப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்புத்தான். தொடக்கத்தில் அரை நிமிடம், சில கிழமைகளில் ஒரு நிமிடம். அதற்குமேல் இந்த வயதுக்கு வேண்டாம்.

வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகளும் இருந்தால் மௌனம் எல்லோருக்கும் பொது. திருநீறு விரும்பியவருக்கு மட்டும்.

அம்மம்மா செத்து எங்கே போனா என்று பிள்ளை கேட்டால், “நீர் என்ன நினைக்கிறீர்?” என்று முதலில் கேளுங்கள். வீட்டில் சொன்னதை மறுக்காதீர்கள். இதற்கெல்லாம் புள்ளி போடவே கூடாது; புள்ளி வந்தால் பிள்ளை ஆசிரியருக்குப் பிடித்த பதிலைத்தான் தேடும்.