ஜிப்சியில் அதிர்வு, ஸ்டியரிங்கில் ஆட்டம்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: 1998 மாடல் மாருதி ஜிப்சி கிங், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் இணைப்பு) போட்டு வண்டியை உயர்த்தியிருக்கிறார். ஈ.சி.ஆரில் 60-ஐத் தாண்டினால் தரையிலிருந்து உறுமல் மாதிரி ஓர் அதிர்வு. ஸ்டியரிங்கில் நாலு விரல் அளவு ஆட்டம். பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன்சக்கரங்கள் படபடவென்று உதறுகின்றன. புரோப்பலர் ஷாஃப்ட்டை (சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டு) மாற்றி, ஸ்டியரிங் பாக்ஸை டைட் செய்தால் போதும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உங்கள் இரண்டு புகாருக்கும் பாதிக் காரணம் அந்த நீள ஷேக்கிள்தான். மீதி தேய்மானம்.

ஜிப்சியின் பட்டை ஸ்பிரிங்கில் ஷேக்கிள் முன்பக்க ஸ்பிரிங்குக்கு முன்முனையிலும், பின்பக்க ஸ்பிரிங்குக்குப் பின்முனையிலும் இருக்கிறது. அந்த முனை மட்டும் 50 மி.மீ. தாழ்ந்தால், ஸ்பிரிங் 90 செ.மீ. நீளம் என்று வைத்துக்கொண்டாலும் அது மூன்று டிகிரி சாயும். அதில் கட்டியிருக்கும் ஆக்சிலும் அதே அளவு சுழலும். பின்னால் டிஃபரன்ஷியல் மூக்கு (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) மேலே தூக்கிக்கொள்கிறது. முன்னால் கிங்பின்னின் (சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சு) தலை முன்னோக்கிச் சாய்ந்து, கேஸ்டர், அதாவது சக்கரத்தை நேராக ஓடவைக்கும் அந்த அச்சின் பின்சாய்வு, போய்விடுகிறது. கம்பெனி கொடுத்த கேஸ்டரே மூன்று டிகிரி சொச்சம்தான். இவ்வளவையும் இழந்து கிடைத்த உயரம் வெறும் ஓர் அங்குலம்.

முதலில் அதிர்வைப் பார்ப்போம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு எட்டு சுற்று சுற்றும், புரோப்பலர் ஷாஃப்ட் சுமார் முப்பது. டயர் பேலன்ஸ் கோளாறு என்றால் எண்ணிவிடக்கூடிய உதறலாக ஸ்டியரிங்கிலோ சீட்டிலோ தெரியும். உறுமல் என்றால் ஷாஃப்ட் பக்கம்தான் சந்தேகம். ஆனால் எந்த ஷாஃப்ட்? ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தனியாகத் தொங்குவதால் ஷாஃப்ட் மூன்று: கியர்பாக்ஸிலிருந்து வரும் குட்டை ஷாஃப்ட், முன், பின்.

குட்டை ஷாஃப்ட்டை நின்ற இடத்திலேயே சோதிக்கலாம். நாலு சக்கரத்துக்கும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரான்ஸ்ஃபர் லிவரை நியூட்ரலில் வையுங்கள். கியரை டாப்பில் போட்டு கிளட்சை விட்டு, ரோட்டில் அதிர்வு வந்தபோது கேட்ட அதே இன்ஜின் சத்தம் வரும்வரை ஆக்சிலரேட்டர் கொடுங்கள். அடியில் யாரும் இருக்கக் கூடாது. அதே உறுமல் வந்தால் குற்றவாளி குட்டை ஷாஃப்ட் அல்லது டிரான்ஸ்ஃபர் கேஸின் மூன்று ரப்பர் மவுண்ட். கிளட்சை மிதித்த பிறகும் நிற்கவில்லை என்றால் இன்ஜின் மவுண்ட். ஒன்றுமே வரவில்லையா, முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு 2ஹெச்-இல் (பின்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) ஓட்டிப் பாருங்கள். கழற்றுமுன் ஃபிளாஞ்ச் (போல்ட் மாட்டும் வட்டத் தட்டு) இரண்டிலும் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அப்படியே திரும்ப மாட்டாவிட்டால் பேலன்ஸ் மாறும்.

அப்போதும் அதிர்ந்தால் மிஞ்சுவது பின் ஷாஃப்ட். கிராஸ் (ஷாஃப்ட் முனையில் மடங்கும் மூட்டு) கப்பின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு கசிந்திருந்தால் உள்ளே நீடில் பேரிங் காய்ந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் ஓடிய சென்னை வண்டிகளில் இது சகஜம். கிரீஸ் அடித்தால் நாலு சீலிலும் வெளியே வர வேண்டும். ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிராஸ் மாற்றியவர் ஸ்பிளைனை (ஷாஃப்ட்டின் பல் வெட்டிய இணைப்பு) ஒரு பல் தள்ளிச் செருகியிருந்தால், புது கிராஸ் போட்டும் அதிரும். பழைய பேலன்ஸ் வெயிட் உதிர்ந்த தடம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கோணம். வண்டி சமதரையில், நாலு டயரில் நிற்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி அளந்தால் கணக்கே தப்பு. காந்தம் வைத்த ஆங்கிள் கேஜ் போதும். டிரான்ஸ்ஃபர் ஃபிளாஞ்ச் முகமும் டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்ச் முகமும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்திருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் இருந்தால் நல்லது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது டிஃபரன்ஷியல் மூக்கு இன்னும் மேலே எழும் என்பதால், நிற்கும்போது அது ஒரு டிகிரி தாழ்ந்திருந்தால் பாதகமில்லை, உயர்ந்திருக்கக் கூடாது. உங்கள் வண்டியில் மூன்று டிகிரி உயர்ந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். இழுக்கும்போது அதிர்வு கூடி, ஆக்சிலரேட்டரை விட்டால் குறைகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

தீர்வு, கம்பெனி அளவு குட்டை ஷேக்கிளையே திரும்பப் போடுவது. உயரம் விட மனமில்லை என்றால் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே எஃகு ஆப்பு வைக்கலாம். தடித்த பக்கம் ஷேக்கிள் இருக்கும் திசையைப் பார்க்க வேண்டும்: முன்னால் முன்னோக்கி, பின்னால் பின்னோக்கி. மாற்றி வைத்தால் மூன்று ஆறாகிவிடும். அலுமினிய ஆப்பு நசுங்கும், வாங்காதீர்கள். சென்டர் போல்ட் நீளமானதாக, யூ-போல்ட் புதியதாக இருக்கட்டும்.

இனி ஸ்டியரிங். வீல் விளிம்பில் 30 மி.மீ. வரை ஆட்டம் பொறுத்துக்கொள்ளலாம், நாலு விரல் அதிகம். டயர்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சிறிது ஆட்டட்டும். நீங்கள் மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுக்கொண்டே வாருங்கள்: ஸ்டியரிங் தண்டின் ரப்பர் கப்ளிங், பாக்ஸைச் சேஸிஸில் பிடிக்கும் போல்ட்டுகள், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வரும் கை), டிராக் லிங்க் (அந்தக் கையைச் சக்கரப் பக்கம் இணைக்கும் கம்பி) முனைகள், டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகள். எந்த இடத்தில் ஒரு பக்கம் அசைந்தும் மறு பக்கம் தாமதிக்கிறதோ, ஆட்டம் அங்கே. பாக்ஸ் போல்ட் இருக்கும் இடத்தில் சேஸிஸ் துருப்பிடித்து வெடித்திருக்கிறதா என்று தேய்த்துப் பாருங்கள். கடற்கரைப் பக்க வண்டிகளில் அது நடக்கும்.

உதறலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது கிங்பின் பேரிங். முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். பேரிங் நன்றாக இருந்தால் ஷிம் (மெல்லிய தகடு) ஒன்றைக் குறைத்து இறுக்கலாம். டை ராட்டைக் கழற்றி, ஸ்பிரிங் தராசால் இழுத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் இழுவிசை வரும்வரை. பேரிங் பாதையில் குழி விழுந்திருந்தால் மேல், கீழ் இரண்டையும் மாற்றியாக வேண்டும். இதைச் செய்யாமல் ஸ்டியரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போடுவது, காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி.

மெக்கானிக் சொன்ன மாதிரி பாக்ஸை டைட் செய்யும் திருகாணி கடைசி. சக்கரம் நேராக, டிராக் லிங்க் கழற்றிய நிலையில் மட்டும் தொடுங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். உள்ளே பல் நடுவில்தான் இறுகலாகப் பொருந்தும். சக்கரம் திரும்பியிருக்கும்போது டைட் செய்தால் நேர் நிலைக்கு வரும்போது இறுகிக்கொள்ளும், திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

அலைன்மென்ட் கடையில் இந்த ஆக்சிலுக்கு டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் அளவு) மட்டும்தான் திருத்த முடியும், அதையும் எல்லா வேலையும் முடிந்தபின் செய்யுங்கள். டிராக் லிங்க், டை ராட் முனைகளை ஜி.பி. ரோட்டில் புதிதாக வாங்குங்கள். புதுப்பேட்டையில் ஷேக்கிள், ஃபிளாஞ்ச் தேடலாம். அந்த முனைகளில் இருக்கும் பால் ஜாயின்ட்டைப் பழையது வாங்காதீர்கள்.