வேன்காரர் சொல்லும் ஒன்பது வேண்டாம்

கேள்வி: மதுரையிலிருந்து ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து, தாமிரபரணிக் கரையின் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிக்கு வரலாம் என்றிருக்கிறோம். அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. ஒன்பது கோயிலையும் மதியத்துக்குள் முடித்து, பரிகார பூஜையும் செய்துகொடுத்து, சாயங்காலம் திருச்செந்தூரையும் காட்டிவிடுவதாக வேன் ஏற்பாடு செய்பவர் சொல்கிறார். முடியுமா? ஆழ்வார்திருநகரியை மட்டுமாவது நிதானமாகப் பார்க்க அம்மாவுக்கு ஆசை.

பதில்: வேனால் முடியும். அம்மாவால் முடியாது.

இரட்டைத் திருப்பதியின் இரண்டு கோயில்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் நீங்கள் இறங்க வேண்டிய இடம் எட்டு. ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி ஆகியவை தாமிரபரணியின் வடகரை. ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை தென்கரை. எட்டு தடவை ஏறி இறங்கி, செருப்பைக் கழற்றி, சுடுகல்லில் நடக்க வேண்டும். நாலாவது கோயிலில் அம்மா, "நான் வேன்லயே இருக்கேன், நீங்க பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். இதை நான் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

மூன்று கோயில் போதும். விடியற்காலை ஐந்துக்கே கிளம்பி, வழியில் வேறு கோயில் எதற்கும் போகாமல் நேரே ஆழ்வார்திருநகரிக்கு வந்துவிடுங்கள். பழைய திருக்குருகூர் இதுதான். நம்மாழ்வார் பதினாறு ஆண்டுகள் வீற்றிருந்ததாகச் சொல்லப்படும் உறங்காப்புளி என்னும் புளியமரம் இந்தக் கோயிலுக்குள்தான் இருக்கிறது. அதன் அடியில் அம்மா அரைமணி நேரம் உட்காரட்டும். அப்புறம் சில கிலோமீட்டரில் திருக்கோளூர், நம்மாழ்வாரையே தெய்வமாகப் பாடிய மதுரகவியாழ்வாரின் ஊர். அதற்குள் மணி பன்னிரண்டை நெருங்கிவிடும், பெரிய கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டு ஆதிச்சநல்லூர் போங்கள். 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில், இறந்தவர்களைப் புதைத்த பழங்காலத் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே வைத்து மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் இருந்தால் அங்கிருந்து கிளப்புவதுதான் கஷ்டம். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் நடை திறந்ததும் ஸ்ரீவைகுண்டம் பெருமாள் கள்ளபிரானைச் சேவித்துவிட்டு ஊர் திரும்பலாம். திருச்செந்தூருக்குத் தனியாக ஒரு நாள் வாருங்கள்.

இனி அந்தப் பரிகாரம். ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு கிரகத்தைச் சொல்லும் வழக்கம் இருக்கிறது, நம்பிக்கையோடு வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பது ஊரையும் பாடிய நம்மாழ்வார் இன்ன ஊர் இன்ன கிரகம் என்று எங்கும் பிரித்துப் பாடவில்லை. வாசலில் நிற்பவர் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே "சனி பிடிச்சிருக்கு" என்பார். ராசி, நட்சத்திரம் கேட்பார். ஒன்பதுக்கும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார். வேன்காரருக்கும் அதில் பங்கு போகும் என்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். முன்பணமாக ஒரு பைசா கொடுக்காதீர்கள். அர்ச்சனையோ விளக்கோ எதுவானாலும் கோயில் அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத பணம் பெருமாளுக்குப் போகாது.

இப்படிப்பட்டவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் நிர்வாகம்தான். எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பார்த்தவுடன் தெரிகிற மாதிரி ஒரு பலகை இருக்கிறதா? டியூப் லைட்டில் உபயதாரர் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும். ஒருமுறை நான் கூட்டிவந்த முதியவர்கள் ஒரு கோயில் வாசலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கழிப்பறை இருந்தது, பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பேர் சொன்னார்கள். அதனால் வழியில் நல்ல ஓட்டலாகப் பார்த்துப் போய்விட்டு வாருங்கள்.

ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்தே தீர வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. வைகாசி விசாகத்தை ஒட்டி வரும் நம்மாழ்வார் திருவிழாவின் ஐந்தாம் நாள், ஒன்பது பெருமாள்களும் ஆழ்வார்திருநகரிக்கே எழுந்தருளுவார்கள். இரவில் ஒன்பது கருட வாகனங்களும் வரிசையாக வரும், ஆழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். நீங்கள் அலைய வேண்டாம், அவர்களே வருகிறார்கள். ஆனால் அன்றைக்குத் தெருவில் நிற்க இடம் இருக்காது, வேனை ஊருக்கு வெளியே நிறுத்தி நடக்க வேண்டும், வீடு திரும்ப விடிந்துவிடும். உள்ளூரில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை கிடைத்தால் மட்டும் அம்மாவை அழைத்து வாருங்கள். திண்ணை இல்லையென்றால் வேண்டாம். தேதியையும் பஞ்சாங்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், கோயிலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புரட்டாசிச் சனிக்கிழமையை மட்டும் விட்டுவிடுங்கள், கூட்டம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயிலே பயணிகளோடு சிக்கி நின்றது.

அம்மாவுக்கு மறக்காமல் ஒரு ஜோடி தடித்த காலுறை எடுத்து வையுங்கள்.