புறக்கோட்டையும் போயா நாளும்

கேள்வி: கொழும்புக் கோட்டைப் பகுதியில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். புறக்கோட்டையின் பழைய தமிழ்க் கடைகளைப் பற்றி எழுத ஆசை. வீடு திரும்பவே ஏழு மணியாகிவிடுகிறது. நேரத்துக்கு எங்கே போவது?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இரவை நம்பாதீர்கள், தங்கச்சி. காலி வீதி (Galle Road) நெரிசலில் நசுங்கி வந்தவருக்குச் சோறும் கட்டிலும்தான் கண்ணில் தெரியும். அலுவலகத்திலிருந்து புறக்கோட்டைச் செட்டியார் தெரு நடை தூரம்தானே! மதிய இடைவேளையில் ஒரே ஒரு கடைக்குப் போங்கள். வியாபார நேரத்தில் முதலாளி கதைக்க மாட்டார். பெயர்ப்பலகையைப் படமெடுத்து, கடை தொடங்கிய ஆண்டைக் கேட்டு, அவர் எப்போது ஓய்வாக இருப்பார் என்று விசாரித்து வந்தால் போதும்.

எழுத்தாளர் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்திக்கொண்டேதான் 1966இல் ‘மல்லிகை’ இலக்கிய இதழைத் தொடங்கினார். எழுத்தாளர்கள் அந்தச் சலூனுக்கே வந்து கூடினார்கள். தொழில் நடந்த இடத்திலேயே இலக்கியமும் நடந்தது.

எழுதுவதற்குப் போயா என்ற பௌர்ணமி விடுமுறை இருக்கிறது, மாதம் தவறாது. அன்று கல்யாணம் என்றால் போய் வாருங்கள். கல்யாண வீடியோ பார்க்க அழைத்தால் தலைவலி என்று சொல்லிவிடுங்கள். நிதியாண்டு முடியும் மார்ச் 31 நெருங்கும்போது குறிப்பேட்டைத் தொடவே வேண்டாம், கணக்கு முடிப்பே ஆளை விழுங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டுக்குப் புறக்கோட்டையே கடையடைத்துக் கிடக்கும். விட்டதை அப்போது எழுதிக்கொள்ளலாம்.