எரியும் இடமே துப்பு: தோல் பற்றிய வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எதைப் பூசினாலும் முகம் சுள்ளென்று எரிகிறது. தினமும் பப்பாளி சோப்பு, வாரம் இரண்டு நாள் கடலைமாவும் எலுமிச்சைச் சாறும், இரவில் வைட்டமின் சி சீரம் போடுகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு நலங்கு மாவுக்கு மாறச் சொல்கிறார் அம்மா. எனக்கு சென்சிடிவ் ஸ்கின்தானா?
- கல்லூரி மாணவி, மன்னார்குடி

பதில்: இருக்கலாம். ஆனால் பிறவியிலேயே இப்படித்தான் என்று முடிவு கட்டுமுன் நீங்களே எழுதியிருக்கும் பட்டியலை ஒருமுறை பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

தோலின் மேலடுக்கில் செல்களுக்கு இடையே கொழுப்புப் பூச்சு உண்டு. உள்ளே இருக்கும் ஈரத்தைக் காப்பதும், வெளிப்பொருள் உள்ளே போகாமல் தடுப்பதும் அதுதான். வரப்பில் நண்டு வளை விழுந்தால் வயலில் தண்ணீர் நிற்காது அல்லவா, அதே கதை. இந்தப் பூச்சு கரைந்துவிட்டால் ஈரம் ஆவியாகிறது, போடுவதெல்லாம் நரம்பு முனை வரை இறங்கிக் காந்துகிறது.

ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது; பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 5. சாதாரணக் குளியல் சோப்பு 9 முதல் 10 வரை காரம். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டிய அமிலம். வைட்டமின் சி சீரங்களில் பலவும் 3.5-க்குக் கீழே இருந்தால்தான் வேலை செய்யும். காலையில் காரம், இரவில் அமிலம், நடுவே கடலைமாவின் சொரசொரப்பு! எந்தத் தோலும் எரியத்தான் செய்யும். போதாததற்கு, எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும் கருந்திட்டும் வரும்.

செய்ய வேண்டியது கழித்தல்தான். நான்கு வாரத்துக்கு மூன்றே பொருள். முகம் கழுவ, 'சோப்-ஃப்ரீ' அல்லது 'சின்டெட்' என்று போட்ட, பி.எச். 5.5 ஒட்டிய கட்டியோ திரவமோ. அதுவும் இரவில் ஒரு தடவை, காலையில் வெறும் தண்ணீர். துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் மூன்று நிமிடத்துக்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். பகலில் ஜிங்க் ஆக்ஸைடு உள்ள, எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படி இரண்டரை அளவு மாய்ஸ்சரைசர் போதும். லேபிளில் 'அன்சென்டட்' என்றிருந்தால் ஏமாறாதீர்கள். வாடையை மறைக்கவே அதில் வாசனை சேர்த்திருக்கலாம். 'ஃபிராக்ரன்ஸ்-ஃப்ரீ' என்பதைத் தேடுங்கள்.

அதன் பிறகு ஏதாவது புதிதாக வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒன்று. முழங்கை மடிப்பில் காலணா அகலத்துக்கு, காலை மாலை இரு வேளையும், ஏழு நாள் பூசிப் பாருங்கள். எரிச்சல் உடனே தெரிந்துவிடும். ஒவ்வாமை ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். ஒரு இரவு தடவிப் பார்த்துவிட்டு 'ஒத்துக்கொண்டது' என்பது பாதிச் சோதனை.

நலங்கு மாவைப் பற்றி அம்மாவிடம் சண்டை வேண்டாம். ஆனால் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ரோஜா என்று பத்துச் சரக்கு சேரும்போது எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. முகம் ஆறிய பின் ஆசைக்கு, பச்சைப்பயறு மட்டும் அரைத்து, துணியில் சலித்து, தண்ணீரில் குழைத்துத் தேய்க்காமல் தடவிக் கழுவலாம்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. குளித்து வந்தால் கை கால் இழுத்துப் பிடிக்கிறது, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. பில்டர் வாங்கலாமா?
- வாசகர், வேதாரண்யம்

பதில்: முதலில் சோப்பை மாற்றுங்கள். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரளாகிறது. வாளியின் விளிம்பில் படியும் அதே திரள்தான் உங்கள் தோலிலும் படிகிறது. சின்டெட் கட்டியில் இது ஆகாது. தண்ணீரைக் காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி குறையும், உப்பு குறையாது. கொள்ளிடம் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ கிடைத்தால் கடைசி இரண்டு சொம்பு மட்டும் அதில் ஊற்றுங்கள். பிறகு மேலில் ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய். (முகத்தில் பரு வருபவர்கள் கழுத்துக்குக் கீழே மட்டும்.) துணியையும் கூடுதலாக ஒரு முறை அலசுங்கள். இந்தத் தண்ணீரில் சோப்புத்தூள் அதிகம் செலவாகும், அதன் மிச்சமும் இடுப்பிலும் அக்குளிலும் அரிக்கும்.

கேள்வி: வயது 52, விவசாயம். கண் இமை, காது மடலுக்குப் பின்புறம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் தடித்து அரிக்கிறது. வீட்டில் இருந்தால் குறைகிறது, வயலுக்குப் போனால் திரும்புகிறது. வெயில் அலர்ஜி என்கிறார்கள்.
- நீடாமங்கலம்

பதில்: வெயில் அலர்ஜி என்றால் நிழல் விழும் இடங்கள் தப்பிக்கும். மேல் இமை, காதுக்குப் பின்புறம், தாடைக்கு அடியில் எல்லாம் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். உங்களுக்கோ அந்த இடங்களில்தான் தொல்லை. இது காற்றில் வரும் தூசியின் வேலை. முதலில் சந்தேகப்பட வேண்டியது வாய்க்கால் கரையிலும் தரிசிலும் மண்டும் பார்த்தீனியத்தை. அதைத் தொட்டால்தான் வரும் என்றில்லை; காய்ந்த செடியின் தூள் வியர்வையில் ஒட்டினாலே போதும்.

உறுதி செய்ய 'பேட்ச் டெஸ்ட்' உண்டு. சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் நனையாமல் வைத்திருந்து பார்ப்பார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அந்த இரண்டாவது வருகையைத் தவறவிட்டால் சோதனையே வீண். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் விசாரியுங்கள்.

பார்த்தீனியம்தான் என்று தெரிந்தால், இந்த ஒவ்வாமை ஆயுள் முழுக்கத் தொடரக்கூடியது. செடியைப் பிடுங்கும் வேலையை வேறு ஆளிடம் விடுங்கள். பூக்குமுன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு எடுக்க வேண்டும். எரிக்க வேண்டாம். பயிரில்லாத இடமாக இருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு கரைத்துத் தெளிக்கலாம். வரப்போரம் மட்டும் கூடாது, பயிர் கருகும். வயலிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றித் தனியே போட்டுக் குளியுங்கள். சாமந்தியும் இதே குடும்பம்தான், மாலையை முகத்தருகே கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: மெடிக்கலில் வாங்கிய நைட் கிரீம் போட்டு எட்டு மாதம். முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் நான்காம் நாள் செவந்து, பரு வந்து எரிகிறது. மறுபடி போட்டால் அடங்குகிறது.
- கும்பகோணம்

பதில்: மறுபடி போட்டால் அடங்குவதுதான் இதில் பொறி. குழாயின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முகத் தோல் மெல்லியது, மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் தெரியும், மீசை முளைக்கும், மருந்தை விட்டால் முகம் சீறும். இவற்றைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. கடைக்காரர் 'அழகு கிரீம்' என்று நீட்டினால் அது அவர் தப்பு. லேபிளே இல்லாத டப்பா என்றால் இன்னும் மோசம். பாதரசம் கலந்த வெளுப்பு கிரீம்கள் சிறுநீரகத்தையே கெடுத்திருக்கின்றன.

டப்பாவையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பது அவர் முடிவு. அதுவரை குளிர்ந்த ஈரத்துணி ஒற்றடமும் வெறும் மாய்ஸ்சரைசரும் போதும். அடங்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

கேள்வி: ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுக்கிறது. கொஞ்சம் மேலே ஏற்றி வைக்கலாமா?
- திருவையாறு

பதில்: ஏற்றி வைத்தால் அங்கேயும் வெளுக்கும். பொட்டின் பசையில் உள்ள ஒருவகை ஃபீனால், நிறமி செல்களையே சாகடிக்கும். பொட்டை அடியோடு நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் நிறுத்தியவர்களுக்கு நிறம் மெல்லத் திரும்பலாம். வெளுப்பதற்குப் பதில் கறுத்திருந்தால் குங்குமச் சாயத்தைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: கல்யாணச் சமையலில் பூண்டு உரிக்கிறேன். இடது கையில் மூன்று விரல் நுனி மட்டும் வெடிக்கிறது.
- திருக்காட்டுப்பள்ளி

பதில்: வலது கையில் கத்தி, இடது கையில் பூண்டு. பல்லைப் பிடிக்கும் மூன்று விரல்தான் வெடிக்கிறது. பூண்டுச் சாறு சாதாரண ரப்பர் கையுறையையும் ஊடுருவும், அதை நம்பாதீர்கள். உரிக்கிற வேலையை மாற்றிக்கொண்டு, விரலுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி போடுங்கள்.

கேள்வி: நடவுக்குப் போகும்போது சேற்றுப்புண் வராமல் காலில் மருதாணி வைப்போம். இந்தத் தடவை கடையில் கறுப்பு மருதாணிக் கோன் வாங்கி வைத்ததில் வைத்த இடமெல்லாம் கொப்புளம்.
- திருத்துறைப்பூண்டி

பதில்: இலை மருதாணி கறுக்காது, செம்மஞ்சளாகத் தொடங்கி மெல்லச் சிவக்கும், அதற்கும் மணிக்கணக்கில் ஆகும். அரை மணியில் கறுத்தால் அது பி.பி.டி. என்ற தலைமுடிச் சாயம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள். நீர் வடிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். இனி கறுப்பு ஹேர் டையும் உங்களுக்கு ஆகாது, தலையும் முகமும் வீங்கிவிடும். அழகு நிலையத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள்.

சேற்றுப்புண்ணுக்கு: இறங்குமுன் விரலிடுக்கில் பெட்ரோலியம் ஜெல்லி, ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி இடுக்கைத் துணியால் துடைத்துக் காயவிடுதல். இடுக்கு வெள்ளையாக ஊறி அரித்தால் இரு வேளை குளோட்ரிமசோல் களிம்பு. அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள்.