பட்நாகர் விருதுக்கு அறுபதாயிரம் கேட்கிறாரா?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 43. உப்புநீரை நன்னீராக்கும் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) பற்றி இரண்டு சக ஆசிரியர்களோடு ஆய்வு செய்து வருகிறேன். இளம் விஞ்ஞானிகளுக்கான பட்நாகர் விருதை அரசு நிறுத்திவிட்டது என்கிறார் எங்கள் கல்லூரி முதல்வர். ஒரு கன்சல்டன்டோ, "பெயர்தான் மாறியிருக்கிறது, 60,000 ரூபாய் கொடுங்கள், இரண்டு பேட்டன்ட்டும் சேர்த்து விண்ணப்பத்தை முடித்துத் தருகிறேன். கிடைத்தால் ஐந்து லட்சம்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் முதல்வர் சொன்னது பாதி சரி. கன்சல்டன்ட் சொன்னதில் 'பெயர் மாறியிருக்கிறது' என்பது மட்டும் சரி.

பட்நாகர் விருதை 1957-ல் ஏற்படுத்தியது மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர். 1958-ல் அதை முதலில் பெற்றவர் வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன். ஆண்டுதோறும் செப்டம்பர் 26-ல் பட்டியல் வரும். 2022-ல் அந்த நாள் வந்தது, பட்டியல் வரவில்லை. காரணத்தை யாரும் ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. ஓராண்டு காக்கவைத்து 2023 செப்டம்பரில் 12 பேரை அறிவித்தார்கள். அதே மாதம் 'ராஷ்ட்ரிய விஞ்ஞான் புரஸ்கார்' என்ற புதிய ஏற்பாடும் வந்தது. அதில் ரத்னா, ஸ்ரீ, யுவா, டீம் என்று நான்கு பிரிவுகள். பழைய பெயர் 'விஞ்ஞான் யுவா – சாந்தி ஸ்வரூப் பட்நாகர்' என்று மூன்றாவதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 45 வயது வரை, ஆண்டுக்கு அதிகபட்சம் 25 பேர். உங்களுக்கு உரியது அதுதான்.

ஐந்து லட்சம் பழைய கதை. அப்போது அதோடு 65 வயது வரை மாதம் 15,000 ரூபாயும் உண்டு. இப்போது சான்றிதழும் பதக்கமும் மட்டும். இதுகூடத் தெரியாதவர் உங்கள் விண்ணப்பத்தை என்ன லட்சணத்தில் எழுதுவார்?

பரிந்துரைகளை மத்திய அரசின் தேசிய விருதுகள் இணையதளத்தில்தான் ஏற்றவேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யார் முன்மொழியலாம், வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுவார்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பிலேயே வரிவரியாகப் படியுங்கள். போன வருட நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிப் படிக்காதீர்கள். ஜனவரி 14 முதல் பிப்ரவரி 28 வரை பரிந்துரை, மே 11-ல் அறிவிப்பு, ஆகஸ்ட் 23-ல் விழா என்று அழகாகக் கால அட்டவணை போட்டார்கள். முதல் ஆண்டான 2024-லேயே பட்டியல் ஆகஸ்ட் 7-ல்தான் வந்தது. 2025-க்கு அக்டோபர் ஆனது. நாற்பத்து மூன்று வயதுக்காரருக்கு மாதக் கணக்கு முக்கியம் என்று மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் சொல்வது? தீபாவளி முடிந்ததுமே வாரம் ஒருமுறை தளத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இப்போது அந்த 'இரண்டு பேட்டன்ட்' விஷயம். இந்த வியாபாரம் எங்கிருந்து முளைத்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் ஆய்வு மதிப்பெண் பட்டியல் ஒன்று உண்டு: வெளிநாட்டு பேட்டன்ட்டுக்கு 10, உள்நாட்டுக்கு 7, சர்வதேச விருதுக்கு 7, தேசிய விருதுக்கு 5. பதவி உயர்வுக்கு அதைக் காட்டவேண்டும். ஆளுக்கு ஆள் மதிப்பெண் தேடி அலைந்தால் கடை விரிக்க ஆள் வராமலா இருப்பார்கள்?

கடையில் விற்பது பெரும்பாலும் இரண்டு சரக்கு. ஒன்று, பிரிட்டனில் பதிவுசெய்த டிசைன். டிசைன் என்பது பொருளின் தோற்றத்துக்கு மட்டும். அது எப்படி வேலைசெய்கிறது என்பதற்கு அல்ல. பதிவுசெய்யும் முன் அது புதியதுதானா என்று அந்த அலுவலகம் சோதிப்பதில்லை. அரசுக் கட்டணம் 50 பவுண்ட் அளவில். பத்துப் பேரை உரிமையாளராகப் போட்டு, ஆளுக்கு எட்டாயிரம் பத்தாயிரம் என்று வசூலித்தால் லாபத்தை நீங்களே கணக்குப் போடுங்கள். பளபளப்பான சான்றிதழ் வரும். உங்கள் மெம்பிரேனின் தோற்றத்தால் தண்ணீர் சுத்தமாகப் போவதில்லை.

இன்னொன்று 'பப்ளிஷ்ட் பேட்டன்ட்'. விண்ணப்பம் போட்டாலே 18 மாதம் கழித்து அது பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியாகிவிடும். படிவம் 9-ஐயும் தனிநபருக்கான 2,500 ரூபாயையும் கட்டினால் சில வாரங்களிலேயே வெளியாகும். வெளியானது என்றால் வெளியானது, அவ்வளவுதான். படிவம் 18 கொடுத்துப் பரிசோதனை கேட்டு, ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, உரிமம் கிடைத்தால்தான் பேட்டன்ட். கன்சல்டன்ட் படிவம் 18 பக்கமே போகமாட்டார். காலக்கெடு தாண்டினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகிவிடும்.

சோதிப்பது எளிது. அவர் தரும் எண்ணைப் பாருங்கள். இந்திய பேட்டன்ட் விண்ணப்ப எண்ணுக்கு 12 இலக்கம். முதல் நான்கு ஆண்டு. ஐந்தாவது அலுவலகம் (சென்னைக்கு 4). அந்த எண்ணை அரசு பேட்டன்ட் தேடல் தளத்தில் போட்டால் நிலவரம் தெரியும். எண்ணின் முடிவில் கோடு போட்டு 001 இருந்தால் அது இந்திய டிசைன். தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆகாது. நீங்கள் கண்டுபிடிக்காத ஒன்றில் கண்டுபிடிப்பாளராக நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் உங்கள் நல்ல கட்டுரைகள் மீதும் சந்தேகம் விழும்.

இருவரோடு சேர்ந்து ஆய்வு செய்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். யுவா விருது தனிநபருக்கு. மூன்று பேர் உழைப்பை ஒருவர் பெயரில் காட்டினால், மற்ற இருவரும் நாளை கேள்வி கேட்பார்கள், குழுவும் கேட்கும். 'டீம்' பிரிவு மூன்று பேர் அல்லது அதற்கு மேற்பட்ட குழுவுக்கானது. நீங்கள் மூவர், ஆகவே எண்ணிக்கை பொருந்துகிறது. ஆனால் ஆண்டுக்கு அதிகபட்சம் மூன்று குழு. 2024-ல் ஒன்றே ஒன்றுதான், சந்திரயான்-3. எனவே டீம் பக்கம் நம்பிக்கை வைக்கவேண்டாம். யுவா என்றால், எது உங்கள் பங்கு என்று பிரித்து எழுதவேண்டும்: மெம்பிரேனின் வேதியியலை யார் வகுத்தார், சோதனைக் கலத்தை யார் கட்டினார், தரவை யார் அலசினார் என்று. கட்டுரைகளின் ஆசிரியர் பங்களிப்புக் குறிப்பும் அதோடு ஒத்துப்போகவேண்டும். மற்ற இருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஆளுக்குச் சமபங்குதான் என்றால் யுவாவுக்கு எழுதாதீர்கள்.

60,000 ரூபாய் மிச்சம். சிறந்த பத்துக் கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் உங்கள் வேலை பற்றி இரண்டு வரி, ஒரு கன மீட்டர் நீருக்கு எத்தனை யூனிட் மின்சாரம் என்ற அளவீடு, வெளி ஆய்வகம் யாராவது அதைச் சரிபார்த்திருந்தால் அந்தக் கடிதம்: இவற்றை ஒரு கோப்பில் போட்டுவைத்தால் எந்த விருதுக்கும் உதவும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் தரும் தமிழ்நாடு விஞ்ஞானி விருதின் அறிவிப்பையும் பாருங்கள். உங்களுக்கு அது எட்டும் தூரம்.

அந்த கன்சல்டன்ட்டிடம் பயோடேட்டாவும் ஆதார் நகலும் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? அப்படியானால் இன்றைக்கே பேட்டன்ட் தேடல் தளத்தில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயரை அடித்துப் பாருங்கள்.